அவள் ஹாரன் அடிக்கவில்லை

அத்தியாயம் 17

எட்டோஷா வனவிலங்குப் பூங்காவின் ஹலாலி முகாமில் பொழுது விடிந்தபோது ஹிலேனி கூடாரத்தை மடித்து, கயிறு கட்டி, டிரெய்லரில் ஏற்றி முடித்திருந்தாள்.

பல் தேய்த்துவிட்டு வந்த சாக்கியுஸ் வெற்றுத் தரையைப் பார்த்தான்.

"நான் வந்து பண்ணியிருப்பேனே."

"பரவாயில்ல."

அதற்குமேல் பேச்சு இல்லை. முந்தாநாள் இரவு அதே கூடாரத்தில் இதைவிடப் பெரிய விஷயத்தையும் இப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். விண்ட்ஹூக் திரும்பியதும் பிரிந்துவிடுவது. வீடு அவளுக்கு. மகள் நெலாவோவிடம் ஊருக்குப் போன பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வது. அதுவரை நண்பர்களிடமும் மூச்சு விடுவதில்லை. சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. பால் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்க வேண்டும் என்பதுபோலப் பேசிவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

தங்கேனி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் மகன், ஒன்பது வயசு. சனிக்கிழமை தலை வலிக்கிறது என்றவன் திங்கட்கிழமை இல்லை. மூளைக்காய்ச்சல். சாக்கியுஸ் அப்போது தெற்கே கடலில், வைரம் அள்ளும் கப்பலில் இருந்தான். ஹிலேனி ஃபோன் செய்து வரச் சொன்னாள். அன்று மாலை கரைக்குப் போன ஹெலிகாப்டரில் அவனுக்கு இடமும் இருந்தது. "காய்ச்சல்தானே, நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லு" என்றான். மறுநாள் கடலை மூடுபனி மூடியது. ஹெலிகாப்டர் எழும்பவே இல்லை.

அதை ஹிலேனி ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் போய் உட்கார்ந்தாள், முத்திரை குத்தினாள், சாயங்காலம் வந்து சமைத்தாள். எதையும் விடவில்லை. எதையும் தொட்டுப் பார்க்கவும் இல்லை.

இந்தப் பயணம் ரவுனாவின் ஏற்பாடு. ஒங்வெடிவா பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து ஹிலேனியை அதட்டிப் பழகியவள். "ஒரு வாரம் வெளியில வா. வீட்டுச் சுவத்தைப் பாக்கறதுக்கு யானையைப் பாரு" என்று இழுத்து வந்துவிட்டாள். அவள் புருஷன் பிலமோன் இயற்பியல் வாத்தியார். அவனுக்கு யானையைவிட வானம் முக்கியம். எட்டோஷாவில் மூன்று நாள் விலங்குகள், பிறகு ஹோபாவில் கிடக்கும் விண்கல், அப்புறம் கோமாஸ் மலையிலிருக்கும் பெரிய தொலைநோக்கிகள் என்று அவன் வழி வகுத்திருந்தான்.

ரவுனா முட்டையைப் பொரித்துத் தட்டில் தள்ளினாள்.

"ஏய் ஹிலேனி, ராத்திரி சத்தம் கேட்டுதா? இவர் விட்ட கொறட்டைக்குத் தண்ணிக் குட்டையில இருந்து காண்டாமிருகம் பதில் சொல்லிச்சு."

"அது பதில் இல்ல, புகார்" என்றான் பிலமோன்.

சாக்கியுஸ் சிரித்தான். ஹிலேனியும் உதட்டை அசைத்தாள். பதினைந்து வயது நெலாவோ மட்டும் தலையை மூடிய சட்டைக்குள்ளிருந்து நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

"பொண்ணு ஏன் இப்படி இருக்கா?" என்றாள் ரவுனா.

"வயசு" என்றாள் ஹிலேனி.

---

பிலமோனின் வண்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. அது கிளப்பிய வெள்ளைப் புழுதி அடங்கட்டும் என்று சாக்கியுஸ் இடைவெளி விட்டு ஓட்டினான். மழை பார்த்து மாதங்கள் ஆன பூமி. மோபானே மரங்களின் இலைகள்கூடச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தன. ஒரு ஒட்டகச்சிவிங்கி ரோட்டைக் கடந்து, அவர்களைக் குனிந்து பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போனது.

"அழகா இருக்குல்ல?" என்றான் சாக்கியுஸ்.

"ம்" என்றாள் ஹிலேனி.

கோவாஸ் தண்ணீர்த்துறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. பின்சக்கரம் தடதடவென்று அடித்தது. நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

"பஞ்சர். வலது பின் டயர்."

பிலமோனின் வண்டி அதற்குள் வளைவில் மறைந்திருந்தது. ஃபோனில் சிக்னல் இல்லை. வேறு வண்டி வரும் என்று கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறி உள்ளே புழுங்க ஆரம்பித்தது.

சாக்கியுஸ் பைனாகுலரால் நாலு பக்கமும் பார்த்தான். தூரத்தில் ஸ்பிரிங்பாக் மான்கள் மேய்ந்தன. அவை நிம்மதியாகத்தான் இருந்தன.

"சுத்தமா இருக்கு. இறங்கி மாத்திடறேன்."

"இறங்கக் கூடாதுன்னு கேட்ல போர்டே வெச்சிருக்கான் டாட்டே" என்றாள் பின்சீட்டிலிருந்த நெலாவோ. அப்பாவை அவள் டாட்டே என்றுதான் கூப்பிடுவாள்.

"தெரியும்மா. சட்டுனு முடிச்சிடுவேன். ஹிலேனி, நீ இந்தப் பக்கம் உக்காரு. சுத்திப் பாத்துட்டே இரு. எதாவது அசைஞ்சா ஹாரன் அடி."

ஹிலேனி டிரைவர் சீட்டுக்கு மாறினாள். அவன் ஸ்பேனரோடு பின்சக்கரத்தின் அருகே குனிந்தான். நட்டுகள் இறுகியிருந்தன. ஸ்பேனரின்மேல் ஏறி மிதிக்கும் சத்தம் கேட்டது.

ரோட்டுக்கு வலப்பக்கம், கல்லெறியும் தூரத்தில், காய்ந்த புல்லும் முட்புதரும் இருந்தன. ஹிலேனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லுக்கு நடுவே புல்லின் நிறத்தில் இரண்டு காதுகள் இருந்தன. முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும். காதுகளுக்குக் கீழே நெற்றி தெரிந்தது. பிறகு கண்கள்.

சிங்கம் எழுந்து நின்றது. பெண் சிங்கம். வாய் ஓரம் சிவப்பாக இருந்தது. அது சாக்கியுஸின் முதுகைப் பார்த்தது.

ஹிலேனிக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அது சிங்கம். அவன் வெளியே இருக்கிறான். தன் கை ஸ்டியரிங்கின் மேல் இருக்கிறது, ஹாரன் விரலுக்குக் கீழேயே இருக்கிறது. அது தலையைத் தாழ்த்தி இரண்டடி முன்னால் வைத்தது. அதையும் பார்த்தாள். கை அப்படியே இருந்தது.

பின்சீட்டிலிருந்து நெலாவோ பாய்ந்து, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஹாரனை அமுக்கினாள். எடுக்கவே இல்லை. சாக்கியுஸ் திரும்பிப் பார்த்தான். ஸ்பேனர் கீழே விழுந்தது. நெலாவோ மற்ற கையால் பின்கதவைத் திறந்துவிட, அவன் உள்ளே வந்து மகளின் மடிமேலேயே விழுந்தான். கதவு அறைந்து மூடியது.

சிங்கம் ரோட்டுக்கு வந்தது. கீழே கிடந்த ஸ்பேனரை முகர்ந்து பார்த்தது. ஜன்னலுக்கு வெகு அருகே நின்று மூச்சு விட்டது. பிறகு திரும்பிப் புதருக்குள் நடந்தது. அங்கே இன்னும் இரண்டு தலைகள் நிமிர்ந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு வரிக்குதிரையின் காலும் கிழிந்த வயிறும் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தன.

வண்டிக்குள் சாக்கியுஸ் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இருந்தது. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. நெலாவோ தன் சட்டைக் கையால் அதைத் துடைத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

ஹிலேனி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "போயிடுச்சு" என்றாள்.

பின்னால் வண்டியைக் காணோமே என்று பிலமோன் திரும்பி வந்தான். தன் வண்டியைப் புதர்ப் பக்கம் தடுப்பாக நிறுத்தினான். ரவுனா ஜன்னல் வழியாகச் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருக்க, ஆண்கள் இருவரும் இறங்கி மாற்று டயரைப் பூட்டி முடித்தார்கள்.

---

நமுதோனியில் வெள்ளைக் கோட்டைக்குப் பக்கத்தில், நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாக்கியுஸ் கதை சொன்னான். சிங்கம் வந்தது, தான் பறந்தது, மகள் மடியில் விழுந்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினான்.

"அந்த வேகத்துல நீ ஸ்கூல்ல ஓடியிருந்தா மெடலே வாங்கியிருப்ப" என்றான் பிலமோன்.

"ஹிலேனி சரியான நேரத்துல ஹாரன் அடிச்சா. இல்லைன்னா இன்னைக்கு வரிக்குதிரையோட நானும் கெடந்திருப்பேன்."

ரவுனா எழுந்து வந்து ஹிலேனியைக் கட்டிக்கொண்டாள். "என் தங்கமே! பாத்தியா, நம்ம ஹிலேனி இன்னும் உள்ள இருக்கா!"

நெலாவோ கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.

ஹிலேனி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ரவுனாவின் கைகள் தன்மேல் இருக்கும்வரை காத்திருந்துவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். கோழிக்கறியில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

---

எட்டோஷா கேட்டைத் தாண்டி, ட்சூமெப் ஊரைக் கடந்து ஹோபா வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

வட்டமாகக் கல்படிகள் கட்டியிருந்தார்கள். நடுவில் அந்த விண்கல் இருந்தது. கட்டில் உயரத்தில் தட்டையான சதுர இரும்பு. ஒரு மூலையில் யாரோ எப்போதோ அறுத்துப் பார்த்த இடம் வெள்ளிபோலப் பளபளத்தது.

"அறுபது டன்" என்றான் பிலமோன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "வானத்துல இருந்து இவ்வளவு பெரிசா விழுந்திருக்கு, பள்ளத்தையே காணோம் பாருங்க. காத்துலயே வேகம் கொறஞ்சிருக்கணும்கிறாங்க."

"மெல்ல வந்து உக்காந்துட்டு அப்புறம் நகரவே இல்லையாக்கும். உங்கம்மா நம்ம வீட்டுக்கு வந்த மாதிரி" என்றாள் ரவுனா.

"எங்கம்மாவை விடுடி. இதுல முக்கால்வாசிக்கு மேல இரும்பு, மிச்சம் நிக்கல். தங்கேனி என்னைக் கேப்பான், மாமா அதை நக்கிப் பாத்தா..."

நிறுத்திக்கொண்டான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கேனி இதைப் பற்றிக் கேட்காத ஆள் கிடையாது. அதன்மேல் ஏறலாமா, அதில் காந்தம் ஒட்டுமா, விழுந்தபோது சத்தம் கேட்டிருக்குமா என்று விருந்துக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்துவைத்துக் கேட்பான்.

நெலாவோ விறுவிறுவென்று இறங்கிப்போய் இரும்பின்மேல் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள். ஹிலேனியும் இறங்கினாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். சூடான இரும்பு, அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

சாக்கியுஸ் வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தான். முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நீ பாத்தியா?"

எதை என்று அவள் கேட்கவில்லை.

"பாத்தேன்."

"நெலாவோ அடிக்கிறதுக்கு முன்னாடியேவா?"

"அது எழுந்து நின்னப்பவே."

அவன் தலையை ஆட்டினான். "தெரியும். நட்டைத் திருகிட்டே ஒரு தடவை நிமிந்தேன். சைடு கண்ணாடில உன் முகம் தெரிஞ்சுது. உன் முகத்துல ஒண்ணுமே இல்ல. அப்ப அங்கயும் ஒண்ணும் இல்லைன்னு நெனச்சு மறுபடியும் குனிஞ்சு வேலையைப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் நான்தான் அடிச்சேன்னு அவங்ககிட்ட சொன்னே?"

"வேற என்னத்தைச் சொல்றது?"

கீழே ஒரு குடும்பம் வந்து விண்கல்லோடு படம் எடுத்துக்கொண்டது. நெலாவோ கொஞ்சமும் நகராமல் படுத்திருந்தாள். அவர்கள் அவளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

"நான் சாகட்டும்னு நெனச்சியா ஹிலேனி? இருந்தா சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன்."

"நெனைக்கல."

"பழி வாங்கணும்னு?"

"அப்படி இருந்திருந்தாக்கூடத் தேவலையே." அவள் சொற்களைத் தேடினாள். "சிங்கம் நிக்கிறது தெரிஞ்சுது. நீ வெளியில இருக்கிறதும் தெரிஞ்சுது. ரெண்டையும் ஒண்ணா சேக்க முடியலை. வேற யாரோ வீட்டு விஷயம் மாதிரி இருந்துச்சு."

அவன் முழங்கைப் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நீவினான்.

"நீ ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்."

"திட்டி?"

"திட்டியிருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அழுதாவது இருப்பேன். நீ சாப்பாடு போட்டே, துணி துவைச்சுப் போட்டே, கப்பலுக்குக் கெளம்பறப்போ பையை அடுக்கிக் குடுத்தே. எனக்கு எங்க முட்டிக்கறதுன்னே தெரியலை."

அவன் முழங்கால்மேல் கையை ஊன்றி எழுந்தான்.

"டயரை ஒட்டணும். நாளைக்கு முழுக்க மண் ரோடு. டவுனுக்குப் போயிட்டு வரேன். நீங்க பிலமோன் வண்டியில கேம்ப்புக்குப் போயிடுங்க."

"சரி."

---

கூடாரம் போட இடம் பேசியிருந்தது பக்கத்திலேயே ஒரு மாட்டுப் பண்ணையில். ஃபோனில் சிக்னல் எடுக்காத இடம். முள்மரங்களுக்கு நடுவே துப்புரவாகப் பெருக்கிய மண்தரை, குளிக்கத் தகரக் கொட்டகை. ரவுனா அடுப்பு மூட்டினாள். பிலமோன் தன் சின்னத் தொலைநோக்கியை வெளியே எடுத்து லென்ஸைத் துடைக்க உட்கார்ந்தான்.

தாயும் மகளும் கூடாரம் போட்டார்கள். நெலாவோ கம்பைப் பிடித்துக்கொள்ள, ஹிலேனி ஆணியை அடித்தாள்.

"மேமே, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் நெலாவோ. அம்மாவை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

"கேளு."

"டாட்டே இருந்த எடத்துல நான் இருந்திருந்தா, ஹாரன் அடிச்சிருப்பியா?"

சுத்தியல் பாதியில் நின்றது. எந்த அம்மாவும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற பதில் அதற்கு இருந்தது. ஹிலேனிக்கும் அது தெரியும். வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரும் என்று காத்திருந்தாள்.

"யோசிக்கிறே" என்றாள் நெலாவோ. குரலில் குற்றச்சாட்டே இல்லை.

"நெலாவோ..."

"பரவாயில்ல. நீ பொய்யாவது சொல்லலை. நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறதும் எனக்குத் தெரியும்."

"யார் சொன்னது?"

"நீங்கதான். கூடாரத்துக்கு ஏது சுவரு? பக்கத்துலதானே படுத்திருந்தேன்." கம்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கேட்டுட்டு நல்லாத் தூங்கினேன் மேமே. அதான் எனக்குப் புரியலை. அழுகையாவது வரணும்ல? இன்னைக்கு ஹாரன் அடிச்சப்பகூட எனக்குப் பயம் வரலை. கை அதுபாட்டுக்குப் போச்சு. சிங்கம் அழகா இருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். டாட்டே மேல வந்து விழுந்தப்போ, இவர் ஏன் இவ்வளவு கனம்னு நெனச்சேன். தங்கேனியைப் பொதைச்சதுல இருந்து இப்படித்தான் இருக்கேன். எல்லாருக்கும் இப்படியா, இல்ல எனக்கு மட்டுமா?"

ஹிலேனி மகளின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் போகுமுன் தலை வாரும்போது கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம். பதினைந்து வயதுப் பெண்ணின் கழுத்துக்கு மேல் அது இருந்தது.

ஏதோ ஒன்று உள்ளே வந்திருந்தது. அது என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. பழக்கம் விட்டுப் போயிருந்தது. உள்ளங்கை வேர்த்துச் சுத்தியல் வழுக்கிய பிறகுதான் தெரிந்தது. பயம்.

மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நெலாவோ அணைப்பில் நின்றாள். கைகளைத் தொங்கவிட்டபடியே நின்றாள்.

இதைச் சாக்கியுஸிடம் சொல்ல வேண்டும் என்று ஹிலேனிக்குத் தோன்றியது. அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்று தோன்றியே ரொம்ப நாளாகியிருந்தது. பண்ணைப் பாதையைப் பார்த்தாள். வெயில் மரத்தலைகளுக்கு ஏறிவிட்டது. வண்டி எதையும் காணோம்.

"இந்நேரம் வந்திருக்கணுமே" என்றாள் பிலமோனிடம். "ஒரு டயர் ஒட்ட இவ்வளவு நேரமா?"

பிலமோன் லென்ஸிலிருந்து தலையைத் தூக்கினான். "கடையில கூட்டமா இருக்கும்." பிறகு ஏதோ நினைவு வந்தவன்போல, "கெளம்பறப்போ டிரெய்லரைத் திறக்கச் சொல்லி அவன் பையை எடுத்துக்கிட்டான். சட்டை எல்லாம் கிரீஸ், மாத்திக்கணும்னான்."

"சட்டைக்கு முழுப் பையா?"

பிலமோன் ரவுனாவைப் பார்த்தான். ரவுனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஹிலேனிக்குக் காது சூடானது. சேர்ந்து உட்கார்ந்து சொல்வோம் என்று பேசியிருந்தது. இந்தப் பெண்ணை இந்த முகத்தோடு தன்னிடம் விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஒருவன் போய்விடுவதா?

"சாவி குடு" என்றாள்.

"எங்க போறே? இருட்டப் போகுது, மானும் மாடும் குறுக்க பாயும். காலையில போலாம்" என்றாள் ரவுனா.

"சாவியைக் குடு பிலமோன்!"

இவ்வளவு சத்தமாக அவள் பேசி அவர்கள் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். பிலமோன் சட்டென்று சாவியை எடுத்து நீட்டினான். டிரெய்லரைக் கழற்றிவிட்டான். ஹிலேனி வண்டியைக் கிளப்புமுன் மறுபக்கக் கதவு திறந்தது. நெலாவோ ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

---

டவுனில் டயர் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். வண்டி வந்து நின்றதும் கையை நிறுத்தினார்.

"மேமே ஹிலேனி நீங்கதானா?" மரியாதைக்காக அவரும் மேமே என்றார்.

"நான்தான். என் வீட்டுக்காரர் வந்தாரா?"

"வந்தாரு." கடைக்குள் கை காட்டினார். ஒட்டி, காற்றடைத்து, துடைத்த டயர் சுவரில் சாய்ந்திருந்தது. "என் பொண்டாட்டி வந்து எடுத்துக்குவான்னாரு. எப்ப வருவாங்கன்னு கேட்டேன். வருவாளான்னே தெரியாது, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க, வரலைன்னா நீங்களே வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நல்ல டயர் மேமே. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"மாத்து டயர் இல்லாமலா போனாரு?"

"இல்லாமத்தான். சொல்லிப் பாத்தேன், காதுலயே வாங்கலை."

"எந்தப் பக்கம்?"

அவர் மோவாயால் ட்சூமெப் ரோட்டைக் காட்டினார். வடக்கே போகிற ரோடு. அது எங்கே போய் முடியும் என்று ஹிலேனிக்குத் தெரியும். ஒண்டங்வாவையும் தாண்டி, சாக்கியுஸின் சொந்த ஊர். தேவாலயத்துக்குப் பின்னால் தங்கேனியைப் புதைத்த இடம். அடக்கம் முடிந்து திரும்பியதிலிருந்து இருவரும் அந்தப் பக்கமே போனதில்லை.

தாயும் மகளுமாக டயரைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். கனமாக இருந்தது. நெலாவோவின் விரல் நசுங்கியது. "ஆ!" என்று கத்தினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது மேமே." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளே ஆச்சரியப்பட்டவள்போல விரலைப் பார்த்தாள். ஹிலேனி அதை இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

"ரவுனாவுக்கு ஒரு மெசேஜ் போடு. கிடைக்கிறப்போ கிடைக்கட்டும். காலையில வண்டியோட வந்துடுவோம்னு சொல்லு. திட்டுவா, திட்டட்டும். அப்புறம் அப்பாவுக்கு ஃபோன் போடு."

நெலாவோ ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று இருவரும் நினைத்த நேரத்தில் மணி நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

"சாக்கியுஸ், டயரை எடுத்துக்கிட்டேன்" என்றாள் ஹிலேனி. குரல் ஏறியிருந்தது. கோபமா என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. "நெலாவோவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அவ நல்லா இல்ல. அவளுக்கு நம்ம ரெண்டு பேரும் வேணும், கேக்குதா? அப்புறம் உன்னைத் திட்டணும். நிறைய இருக்கு. எங்க இருக்கியோ அங்கயே ஓரமா நிறுத்து. நாங்க வந்துட்டிருக்கோம்."

ஒரு லாரி பெரிய இரைச்சலோடு அவனைக் கடந்து போனது கேட்டது. அது ஓய்ந்த பிறகு, அடியில் மெல்லிய உறுமல் ஒன்று கேட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிற சத்தமா, ஓரமாய் நின்ற வண்டியின் என்ஜின் சத்தமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

பிறகு லைன் போய்விட்டது.

ஹிலேனி விளக்குகளைப் போட்டு, வண்டியை வடக்கே திருப்பினாள்.